ஒன்பது அங்குலம், இரண்டு ஏழு

குழாயில் மூலை என்று ஒன்று கிடையாது. இந்தச் சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் ஒரு மனிதரின் பிழைப்பில் என் பேனாவாலேயே மண்ணைப் போட இருந்தேன். கெடுதல் நினைத்து அல்ல. படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான். அந்தச் சுத்தத்தில் எனக்கு இருந்த கர்வத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகிவிட்ட பிறகும் பஸ் கண்டக்டர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நந்தனத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். தொழிற்சாலைகளுக்கு இரும்புக் குழாய் பதித்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட் கம்பெனி. அதில் நான் ட்ரேசர். அந்த மாடியில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான்.

ட்ரேசர் என்றால் என்னவென்று இப்போது சொல்லத்தான் வேண்டும். டிராப்ட்ஸ்மேன் பென்சிலில் படம் போடுவார். அதன்மேல் கஞ்சி போட்ட, லேசாக நீலம் ஓடிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளைக் கறுப்பு மையில் அப்படியே எடுப்பது என் வேலை. அந்தத் துணியிலிருந்துதான் பிரிண்ட் போடுவார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் போவது பிரிண்ட். அப்படியே எடுப்பது என்று சொன்னேனே, அது முழு உண்மையில்லை. பென்சில் படத்தில் கோடும் இருக்கும், அழுக்கும் இருக்கும். அளவு பிடிக்கப் போட்டு விட்டுப்போன கோடு, கை தவறி விழுந்த கீறல், ரப்பரால் அழித்தும் போகாத தடம். எதை எடுப்பது, எதை விடுவது என்று ட்ரேசர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் தாராளமாக விடுவேன். அதனால் என் படங்கள் பளிச்சென்று இருக்கும். "உன் ட்ரேசிங்கை பிரேம் போட்டு மாட்டலாம்" என்று ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஒருமுறை சொன்னார். அதை வீட்டில் நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு படத்தின் கீழ் ஓரத்திலும் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், நகலெடுத்தவர், சரிபார்த்தவர். நடுக் கட்டத்தில் என் இனிஷியல். அதற்கு மேலே திருத்தங்களுக்கென்று ஒரு பட்டி. படம் வெளியே போன பிறகு அதில் ஏதாவது மாறினால், என்ன மாறியது, ஏன் மாறியது என்று அங்கே எழுத வேண்டும். எங்கள் ஆபீஸில் அந்தப் பட்டி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அது காலியாக இருப்பதை ஹெட் தன் சொந்த கௌரவமாகவே வைத்திருந்தார்.

இரண்டு வருஷம் நான் குழாய் வளைவுகளை வரைந்து தள்ளினேன். ஆனால் ஒரு இரும்புக் குழாய் வளைவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பேனாவுக்கு வளைவு சுலபம். பிளாஸ்டிக் அச்சை வைத்து இழுத்தால் முடிந்தது. பத்து அங்குல இரும்பு எப்படி வளையும்? நசுங்கிப் போகாதா? வளைவுக்குப் பக்கத்தில் ஏன் எப்போதும் கொஞ்சம் நேர்க் குழாயை விட்டுவிட்டுத்தான் அடுத்த ஜாயிண்ட் வருகிறது? ஹெட்டிடம் கேட்டேன். "ரூல் அப்படி" என்றார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரூல் என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து அதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடாது.

ஆபீஸ் பியூன் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டபோது, ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த எங்கள் பட்டறைக்கு பிரிண்டுகளை யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. நான் போகிறேன் என்றேன். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டில் அதைவிட மோசம். அபிராமபுரத்தில் நானும் அம்மாவும் மட்டும்.

"ஆத்துல கொழாய் ஒழுகிண்டிருக்கு, அதைத் திரும்பிப் பாக்க உனக்குப் பொழுதில்லை. ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்க் கொழாய் பாக்கணுமாக்கும்" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் குழாய் அதன்பிறகும் பல மாதம் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் ஒரு பெரிய சிமெண்டுத் தரை. நான் போன நேரம் ஒரு வளைவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். முதலில் மணல். ஆற்று மணலைத் தகரத்தில் கொட்டி நெருப்பில் வறுத்தார்கள். துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகி, குழாயின் மூடியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம். வறுத்த மணலைக் குழாய்க்குள் கொட்டி, வெளியே சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கினார்கள். மணல் நிறைந்த இடத்தில் சத்தம் அடங்கிக் கேட்டது, நிறையாத இடத்தில் கணகணவென்று கேட்டது. கணகணப்பு மொத்தமாக நின்ற பிறகுதான் இரு முனைகளையும் அடைத்தார்கள். உள்ளே மணல் முட்டுக்கொடுப்பதால் வளையும்போது குழாய் நசுங்காது. என் இரண்டு வருஷத்துக் கேள்விக்கு பதில் வறுத்த மணல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கோக் கரி நெருப்பு. குழாய் செக்கச் செவேலென்று ஆனதும், கனத்த இரும்பு மேடையில் முளைகளுக்கு நடுவே வைத்து, வின்ச்சால் கம்பிவடத்தைச் சுற்றி மெல்ல இழுத்தார்கள். பத்து அங்குல இரும்பு சத்தமே போடாமல் திரும்பியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்க வேண்டும்.

"இன்னாம்மா, ஆபீஸ்ல இதைத்தான தெனம் போட்டுக்கினு கீறீங்க. புச்சா பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்று ஒரு குரல் கேட்டது.

அவர்தான் ஏழாம் நம்பர். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண் உண்டு. தான் போட்ட ஜாயிண்டுக்குப் பக்கத்தில், எஃகு அச்சை வைத்துச் சுத்தியால் அடித்து, அந்த எண்ணை இரும்பிலேயே பதித்துவிட வேண்டும். அவர் எண் ஏழு. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். மயிலாப்பூர்க் கடலோரத்துக் குப்பத்தில் வீடு. அப்பா கட்டுமரம். அம்மா மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். நான் எத்தனையோ தடவை போன மார்க்கெட்தான், ஆனால் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

எண் கிடைப்பதற்கு முன்னால் அவர் ஒரு கடையில் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் வெல்டு செய்துகொண்டிருந்தார். அழுத்தத்தில் ஓடும் குழாயை யார் வேண்டுமானாலும் தொட முடியாது. பரீட்சை உண்டு. முதல் தடவை தேறவில்லை, இரண்டாம் தடவை தேறினார். "நம்பர் போச்சுன்னா போச்சும்மா. மறுபடி கிரில்லுதான். ஒரு எடத்துல லிஸ்ட்ல இருந்து அடிச்சிட்டானுங்கன்னா வேற எவனும் சேத்துக்க மாட்டான்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை ஏதோ பொதுவான செய்தி போலக் கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு பியூன் திரும்பி வந்தும் பிரிண்டுகளை நானே கொண்டுபோக ஆரம்பித்தேன். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவேன். குழாயில் நீளவாக்கில் ஓடும் ஒட்டு, அதை 'சீம்' என்பார்கள், வளைக்கும்போது ஏன் பக்கவாட்டில் வருகிற மாதிரி வைக்கிறார்கள்? "வெளிப்பக்கம் வெச்சா இழுபடும். உள்பக்கம் வெச்சா கசங்கும். நடுவுல வெச்சா அது பாட்டுக்கு கெடக்கும்" என்றார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆறிப்போன வளைவின் உள்பக்கம் கைக்கு லேசாகச் சுருக்கம் தட்டியது. வெளிப்பக்கம் இழுபட்டு வழவழவென்று இருந்தது. படத்தில் இரண்டும் ஒரே தடிமன் கோடு.

அடுத்த சீட்டில் ஜாயிண்ட் கேள்வி. அவர் பதில் சொல்லாமல், ஒரு மெல்லிய இரும்புப் பட்டையை எடுத்து, இன்னொரு முகமூடியை என் கையில் கொடுத்து, குறுக்கே ஒரு வெல்டு போட்டார். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு சிறிய ஆரஞ்சுக் குளம் ஊர்ந்து போவதைப் பார்த்தேன். பட்டை ஆறியபோது லேசாக முகத்தைத் தூக்கிக்கொண்டது. பிறகு முதல் வெல்டுக்கு மிக அருகிலேயே இன்னொன்று போட்டார். இந்த முறை நடுவில் இருந்த இரும்பு முறுக்கிக்கொண்டு போயிற்று.

"சுட்டா நீளுது, ஆறுனா சுருங்குது. சுருங்குறப்போ பக்கத்துல கீறதை இழுக்குது. ரெண்டு வெல்டும் கிட்ட கிட்ட இருந்துச்சுன்னா நடுவுல மாட்டிக்கினது ரெண்டு பக்கமும் இழுபடுது. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள தண்ணி ஏறி எறங்கி, ஏறி எறங்கி, ஒரு நாளைக்கு விரிசல் வுடும். அதான் ரெண்டு ஜாயிண்டுக்கு நடுவுல பைப்போட அகலமாவது வுடணும். பத்து இஞ்சு பைப்புக்கு பத்து இஞ்சு."

வளைவிலேயே ஏன் ஜாயிண்ட் போடக் கூடாது என்பதும் அதிலேயே அடங்கிவிட்டது. ஏற்கெனவே இழுபட்டுக் கிடக்கும் இரும்பை மறுபடி இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். ரூல் அப்படி என்று ஹெட் சொன்னதற்குப் பின்னால் இப்படி ஒரு முறுக்கிய பட்டை இருந்திருக்கிறது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன்.

இப்போது என் கதையின் அசிங்கமான பகுதி. கிண்டியில் ஒரு தொழிற்சாலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பத்து அங்குலக் குழாய். அதில் ஒரு சின்ன வளைவு, இருபது டிகிரி. அந்த பிரிண்டை நானே எடுத்துப் போனேன், என் ட்ரேசிங்தான். ஏழாம் நம்பர் அதைக் கீழே விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பு நூலால் இரண்டு கோடு அடித்தார். இரண்டும் இருபது டிகிரியில் ஒன்றையொன்று சந்தித்தன. பட்டறையில் எந்த வளைவையும் முதலில் இப்படித் தரையில் முழு அளவுக்கு வரைந்துகொள்வார்கள்.

"இந்த மூலை குழாயில் எங்கே இருக்கும்?" என்று கேட்டேன்.

"பைப்புல ஏதும்மா மூலை? மூலை தரையிலதான் கீது. பைப்பு மூலைக்குப் போவாது. முன்னாலயே திரும்ப ஆரம்பிச்சி, அந்தாண்ட போய் நேராவும்" என்று, மூலையைத் தொடாமல் வளைந்து போகும் ஒரு கோட்டைச் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். அந்த மூலையிலிருந்து வளைவு தொடங்கும் இடம் ஒன்பது அங்குலம் தள்ளி இருந்தது. எனக்கு அது பெரிய அதிசயமாகப் பட்டது. எல்லோரும் அளக்கிற, ஆனால் குழாயில் இல்லாத ஓர் இடம்.

பிறகு அவர் பிரிண்டைப் பார்த்தார். வளைவுக்கு இரு பக்கமும் இருபத்துநான்கு அங்குலம் என்று போட்டிருந்தது.

"இது மூலை வரிக்குமா, பெண்டு ஆரம்பம் வரிக்குமா?" என்று கேட்டார். படத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆரம்பத்துல சின்னதா ஒரு கோடு போட்டிருப்பாங்க. இதுல காணோம். கோடு இல்லன்னா மூலை வரிக்கும்தான். இன்னாம்மா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸிலிருந்து வந்தவள், படத்தில் இனிஷியல் போட்டவள், இத்தனை நாள் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அவர் என்னை ஒரு கேள்வி கேட்கிறார். நான் தலையாட்டினேன். யோசித்துவிட்டு ஆட்டுகிற மாதிரி, மெதுவாக.

மூன்று வாரம் கழித்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, கிண்டி வேலையின் சூப்பர்வைசர் நனைந்த சட்டையோடு ஆபீஸுக்கு வந்து ஹெட்டின் மேஜையில் கத்த ஆரம்பித்தார். நான் இரண்டு பலகை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

வளைவைக் குழிக்குள் இறக்கிப் பார்த்தால், இரு பக்கமும் ஒன்பது அங்குலம் எட்டவில்லை. ஒரு பக்கத்துக் குழாய் இன்னும் பதிக்காதது, அதை இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். மறு பக்கத்துக் குழாய் ஏற்கெனவே ரோட்டுக்கு அடியில் பதித்தாகிவிட்டது, நகர்த்த முடியாது. அதன் முனையை இன்னும் ஓர் அடி வெட்டிவிட்டு, இருபத்தோரு அங்குலத்துக்கு ஒரு துண்டு போட்டிருக்கலாம். அரை நாள் வேலை. அதற்குப் பதில் இடைவெளிக்குச் சரியாக ஒன்பது அங்குலத் துண்டைச் சொருகி இரண்டு பக்கமும் வெல்டு அடித்தாயிற்று. பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. தொழிற்சாலைத் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, செல்லாது என்று சொல்லிவிட்டார்.

"எல்லாம் அந்த ஏழாம் நம்பர் பண்ணது. குட்டையா வெட்டிட்டான். அதை மறைக்க அவனே துண்டு போட்டுட்டான். நான் பாக்கவே இல்லை" என்றார் சூப்பர்வைசர். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுபடி வருகிறார். அன்றைக்கு ஏழாம் நம்பரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடப் போகிறார்.

ஒன்பது அங்குலம் என்று கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்தேன். சுண்ணாம்புக் கோடும் அந்த மூலையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சூப்பர்வைசர் போன பிறகு ட்ரேசிங்கை எடுத்தேன். வேலை முடியும்வரை பென்சில் படத்தையும் அலமாரியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அதையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பென்சில் படத்தில், வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், குழாய்க்குக் குறுக்கே நகக்கீறல் அளவுக்கு இரண்டு சின்னக் கோடுகள் இருந்தன. என் துணியில் இல்லை. அவற்றை எடுக்காமல் விட்டது நன்றாக ஞாபகம் வந்தது. பென்சில் நழுவியிருக்கிறது, அழுக்கு என்று நினைத்தேன்.

ஹெட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய இனிஷியலும் அதில் இருந்தது, சரிபார்த்தவர் கட்டத்தில்.

"இப்போ அந்த ரெண்டு கோட்டைப் போட்டுடு. புது பிரிண்ட் அனுப்பிடலாம்" என்றார்.

"திருத்தப் பட்டியில் எழுத வேண்டாமா சார்?"

"எதுக்கு? கோடு எப்பவும் இருந்ததுன்னு இருக்கட்டும். பட்டறையில சரியா பாக்கலை, அவ்வளவுதானே. வெல்டருக்கு நூறு இடம் கிடைக்கும்."

"அவருக்குக் கிடைக்காது சார். நம்பர் போச்சுன்னா கிரில் கடைதான்."

"உனக்கு அடுத்த வருஷம் டிராப்ட்ஸ்மேன் போர்டு குடுக்கலாம்னு நான் எழுதியிருக்கேன். தெரியுமோல்லியோ?"

தெரியும். போர்டு என்றால் எனக்கென்று ஒரு வரைபலகை, டிராப்ட்ஸ்மேன் வேலை. அந்தப் போர்டுக்காகத்தான் சனிக்கிழமை மத்தியானம்கூட உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பேனாவில் மை நிரப்பி இரண்டு கோடுகளையும் போட்டேன். படம் மறுபடி பளிச்சென்று ஆகிவிட்டது. யார் பார்த்தாலும் ஆதியிலிருந்தே அங்கே இருந்த கோடுகள் என்றுதான் சொல்வார்கள். என் கை அவ்வளவு சுத்தம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. நான் தலையாட்டியதை அவர் எப்படி நம்பினார் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

திருத்தப் பட்டியில் எழுதினேன். வளைவின் தொடக்கமும் முடிவும் காட்டும் கோடுகள் சேர்க்கப்பட்டன, முதல் நகலில் இவை விடுபட்டவை, பிழை நகலெடுத்தவருடையது. பக்கத்தில் இனிஷியல். இந்த முறை இனிஷியலைப் பெரிதாகவே போட்டேன். திருத்தம் செல்ல வேண்டுமென்றால் சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணியைக் கொண்டுபோய் ஹெட்டின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெகு நேரம் அவர் அதைத் தொடவில்லை. சாப்பாட்டு மணிக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு, எறும்பு அளவுக்கு எழுத்தில் போட்டு என் பலகையில் திருப்பி வைத்திருந்தார்.

சனிக்கிழமை பழைய பிரிண்ட், புது பிரிண்ட், பென்சில் படம் மூன்றையும் சுருட்டிக்கொண்டு கிண்டிக்குப் போனேன். குழியில் முழங்கால் தண்ணீர். கரையில் இன்ஸ்பெக்டர் கறுப்புக் குடையோடு நின்றிருந்தார். சூப்பர்வைசர் அவர் காதருகே பேசிக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் தள்ளி நின்றார்.

இன்ஸ்பெக்டர் மூன்று படங்களையும் குடைக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மடக்கு அளவுகோலை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். பிறகு திருத்தப் பட்டியைப் படித்தார்.

"இது யாருடைய இனிஷியல்?"

"என்னுது சார்."

"இதை எழுதாமலே கொண்டுவந்திருக்கலாமே."

"கொண்டுவந்திருக்கலாம் சார்."

அவர் படங்களைச் சுருட்டினார். பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பினார். "படத்துல இருந்தபடிதான் இவர் வெட்டியிருக்கார். குட்டையா போனது இவர் தப்பில்லைன்னா, துண்டு போட்டு மறைக்க இவருக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். "துண்டை வெட்டி எடுங்க. ரூல்படி நீளமான துண்டு போடுங்க. ஏழாம் நம்பரே போடட்டும்" என்று சொல்லிவிட்டு, குடையோடு நடந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டேன், அதுவும் என் போர்டைப் பணயம் வைத்து. போர்டு அடுத்த வருஷம் வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. எனக்குக் கிடைக்க அதற்கு மேலும் இரண்டு வருஷம் ஆனது. அப்போதுகூட நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அம்மா நம்பவில்லை.

மறு வாரம் குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் நாள். வரலாமா என்று கேட்டேன், விட்டார்கள். கைப்பம்பை அடிக்க அடிக்க அழுத்தமானியின் முள் ஏறி, குறித்த இடத்தில் நின்றது. அது இறங்காமல் இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். இறங்கவில்லை. மழையும் விட்டிருந்தது.

டீ வந்தது. ஏழாம் நம்பர், வெட்டி எடுத்த பழைய துண்டை நிமிர்த்திப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டடி உயரம், முக்காலி மாதிரி வசதியாக இருந்தது. இரண்டு வெல்டுகளும் அதிலேயே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஏழு.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு நான்தான் தலையாட்டினேன்னு ஏன் நீங்க சொல்லலை?"

"தலையாட்டுறதுக்கு இன்னா நம்பரா கீது, எடுத்துக் காட்டுறதுக்கு?" என்று சிரித்தார்.

"துண்டு போடச் சொன்னது சூப்பர்வைசர்தானே?"

"பின்ன. மழ வருது, குழி ரொம்புது, சொருகிட்டு மூடுன்னாரு. ஒம்போது கீது சார், ஆவாதுன்னேன். போடலன்னா நாளிக்கு வராதன்னாரு. போட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "நம்பர் அடிக்காதன்னாரு. இன்ஸ்பெக்டர் நம்பரைப் பாத்துக்கினேதான் நடப்பாரு, நம்பர் இல்லாத எடத்துல நிக்க மாட்டாரு, சாய்ந்தரம் தார்த்துணி சுத்தி மண்ணு தள்ளிடலாம்னாரு."

"அப்புறம் ஏன் அடிச்சீங்க? இல்லாட்டா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"அதான். தெரியணும்னுதான் அடிச்சேன். ரெண்டு ஏழு பக்கத்துல பக்கத்துல கெடந்தா எந்தக் குருடனும் நிப்பான். என் வாயால சொன்னா எவன் கேக்குறான்? அவரு வந்து பாத்து, ஆவாதுன்னு சொல்லட்டும்னு வுட்டேன். இல்லன்னா ஒரு நாளைக்கு ரோட்டோட பொளந்துக்கினு வந்திருக்கும்."

நான் கையில் டம்ளரோடு நின்றேன். ஒரு வாரமாக நான் சுமந்துகொண்டு திரிந்த பெருமை அப்படியே வடிந்துபோயிற்று. தன் எண்ணை அவர் தெரிந்தே பணயம் வைத்துவிட்டுத்தான், குழிக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றிருக்கிறார். என் இனிஷியல் அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில், உலர்ந்த மேஜையில் போட்டது. அந்த இரண்டு ஏழுகள் இல்லாவிட்டால் அன்று மாலையே குழியை மூடியிருப்பார்கள். என் படமும் பளிச்சென்றே இருந்திருக்கும். நான் தப்பு செய்தேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

அவர் எழுந்து, உட்காரச் சொல்லி அந்தத் துண்டை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை. குனிந்து, ஒரு ஏழில் கட்டை விரலை வைத்து, இன்னொன்றுவரை கையை விரித்துப் பார்த்தேன். ஒன்பது அங்குலம் என்பது ஒரு சாண். என் கை ஒரு விரல் அளவுக்கு எட்டவில்லை.